பழைய செயலிகள் இரண்டு: வேகமும் பெறுமதியும்

கணினி என்பது புதிதாகவே வாங்கப்படும் பொருள் என்று எண்ணுவோர் உளர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல வீடுகளில் நிலைமை அவ்வாறன்று. அலுவலகமொன்றிலோ வெளிநாடொன்றிலோ சில ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த பெட்டியே, கை மாறி, விலை குறைந்து, ஈற்றில் ஒரு மாணவனின் மேசைக்கு வந்து சேர்கிறது. வெங்காயம் விற்ற காசாயினும், கடல் கடந்து வாழும் மாமன் அனுப்பிய காசாயினும், அதற்கென ஒதுக்கப்படும் தொகை சிறியது. ஒருமுறை தவறினால் மறுமுறை வாங்கும் வசதி இல்லை. அத்தகைய வேளையில் கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டி, “இது இரண்டு கோர், அது நாலு கோர், நாலுக்குக் கொஞ்சம் விலை கூட” என்றால், எதைத் தெரிந்தெடுப்பது? இரண்டிலும் நான்கு பெரிது என்பது முதலாம் வகுப்புக் கணக்கு. கணினியின் கணக்கோ அத்துணை எளிதன்று.

இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான செயலிகள் இரண்டு உள்ளன. இரண்டும் அமெரிக்க நிறுவனமாகிய இன்டெல் ஆக்கியவை. ஒன்று, 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த கோர் 2 குவாட் கியூ 6600. மற்றது, 2008ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த கோர் 2 டுவோ ஈ 8400. முன்னது நான்கு கோர்களை உடையது. பின்னது இரண்டு கோர்களை உடையது. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டில் எது மேலானது என்பது அக்காலக் கணினி ஆர்வலர் ஓயாது வாதிட்ட பொருளாகும். அந்த வாதம் பழையதாகிவிட்டது. ஆனால் அதன் அடியிலுள்ள உண்மை பழையதாகவில்லை. இன்று பழைய கணினி வாங்க எண்ணும் எவருக்கும் அது பயன்படும்.

செயலி என்பது யாது? கணினிக்குள் கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல், ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைத்தல் ஆகிய பணிகளைச் செய்யும் சில்லே செயலி எனப்படும். எழுத்தொன்று திரையில் தோன்றுவதும், பாட்டொன்று ஒலிப்பதும், பரீட்சைப் புள்ளிகள் கூட்டப்படுவதும் இச்சிறு கணக்குகளின் பெருந்திரளேயாகும். ஒரு சில்லுக்குள் இவ்வேலையைத் தனித்துச் செய்யவல்ல ஒவ்வொரு கூறும் கோர் எனப்படும். எனவே கோர் என்பதை ஒரு வேலையாள் எனக் கொள்ளலாம். அந்த வேலையாளின் கை எத்துணை விரைவாக அசைகிறது என்பதைக் காட்டுவது கடிகார வேகம். அது கிகாஹேர்ட்ஸ் என்னும் அலகில் அளக்கப்படும். ஒரு கிகாஹேர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு.

இவ்வளவில் நின்று இரண்டு செயலிகளையும் நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். ஈ 8400 இன் இரண்டு கோர்களும் 3.0 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்குவன. கியூ 6600 இன் நான்கு கோர்களும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்குவன. ஓராளை ஓராளோடு ஒப்பிட்டால் ஈ 8400 இன் ஆள் நூற்றுக்கு 25 வீதம் விரைவானவர். எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் அங்கே இரண்டு மும்மூன்று ஆறு. இங்கே நான்கு தடவை 2.4, ஆக 9.6. அதாவது கியூ 6600 இன் மொத்த வலு நூற்றுக்கு 60 வீதம் கூடியது. ஒரே பொருளை இரு வழியில் அளந்தபோது இரண்டு வெவ்வேறு வெற்றியாளர் தோன்றினர். எந்த அளவுகோல் சரியானது என்பதைச் செய்யவேண்டிய வேலையே தீர்மானிக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துத் தோட்டத்தைக் காட்டிலும் சிறந்த பாடசாலை இல்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன் குடாநாட்டுக் கிணறுகளில் துலாவே ஆட்சி செய்தது. துலா மீது நடந்து மிதிப்பவர் ஒருவர். கிணற்றடியில் நின்று நீரை வார்ப்பவர் ஒருவர். பாத்தி பாத்தியாக நீரைத் திருப்புபவர் ஒருவர். இந்த மூவருக்கு மேல் இன்னும் மூவரை அழைத்து வந்தாலும் அந்த ஒரு துலாவிலிருந்து இரு மடங்கு நீர் வந்துவிடாது. அங்கே வேண்டியது ஆட்தொகையன்று. துலா மிதிப்பவரின் சுறுசுறுப்பு. வெங்காயம் நடுவது வேறு வேலை. நான்கு பாத்திகளில் நான்கு பேர் அமர்ந்தால், ஒருவர் மற்றவருக்காகக் காத்திராமல் நட்டுச் செல்லலாம். அங்கே விரைந்த கையுடைய இருவரிலும், நிதானமான கையுடைய நால்வர் முன்னதாக வேலையை முடிப்பர். கணினியின் பணிகளிலும் துலா வேலை உண்டு. நடுகை வேலையும் உண்டு.

இவ்வுண்மையைக் கணித வடிவில் எடுத்துக் கூறியவர் ஜீன் அம்டால் என்னும் கணினி அறிஞர். 1967ஆம் ஆண்டிலே அவர் காட்டியது இதுதான்: ஒரு வேலையில் பகிர்ந்து செய்யமுடியாத பகுதி எத்துணை உண்டோ, அந்தப் பகுதியே முழு வேலையின் வேகத்துக்கும் எல்லை கட்டிவிடும். எத்தனை ஆட்களைச் சேர்த்தாலும் அந்த எல்லையைத் தாண்ட இயலாது. இவ்விதியை இவ்விரு செயலிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு வேலையை ஏழு பங்காகக் கொள்க. அதில் மூன்று பங்கு ஒருவரே தொடர்ந்து செய்யவேண்டியது. நான்கு பங்கு பலர் பகிர்ந்து செய்யக்கூடியது. ஈ 8400 முதல் மூன்று பங்கை 3 என்னும் வேகத்தில் செய்தால் அதற்கு 1 அலகு நேரம். மற்ற நான்கு பங்கை 6 என்னும் கூட்டு வேகத்தில் செய்தால் மூன்றில் இரண்டு அலகு நேரம். மொத்தம் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 1.67. கியூ 6600 முதல் மூன்று பங்கை 2.4 என்னும் வேகத்தில் செய்ய 1.25 அலகு, மற்ற நான்கு பங்கை 9.6 என்னும் கூட்டு வேகத்தில் செய்ய 0.42 அலகு. இங்கும் மொத்தம் 1.67 தான். இரண்டும் சரிக்குச் சரி.

ஆகவே இவ்விரு செயலிகளுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு உண்டு. வேலையில் ஏழில் நான்கு பங்குக்கு மேல் பகிரக்கூடியதாயின் நான்கு கோர் வெல்லும். அதற்குக் குறைந்தால் இரண்டு கோர் வெல்லும். இது கடிகார வேகத்தை மட்டும் கொண்டு போட்ட கணக்கு. ஈ 8400 ஓராண்டு பிந்திய வடிவமைப்பாதலால், அதே துடிப்பில் சிறிதளவு கூடுதலான வேலையையும் செய்யும். எனவே நான்கு கோருக்குச் சாதகமான எல்லை உண்மையில் இன்னும் சற்று அப்பால் தள்ளிநிற்கிறது.

இனி, குடாநாட்டு வீட்டிலும் கடையிலும் நடைபெறும் வேலைகள் எந்தப் பக்கத்தில் நிற்கின்றன? க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவன் கடிதம் தட்டச்சிடுகிறான். விரிதாளில் புள்ளிகளைக் கூட்டுகிறான். சிறு நிரல் எழுதி இயக்குகிறான். இணையத்தில் பாடக்குறிப்புத் தேடுகிறான். இவற்றுள் பெரும்பாலானவை துலா வேலைகள். ஒரு விசையை அழுத்திய பின் எழுத்துத் தோன்றும்வரை உள்ள நேரத்தை ஒரு கோரே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மற்றைய கோர்கள் அவ்வேளை வெறுமனே நிற்கும். இத்தகைய வேலையில் நான்கு கோர் வாங்கியவர், வேலையில்லாத இருவருக்கும் கூலி கொடுத்தவராவார். இணையப் பக்கங்கள் பலவற்றை ஒருங்கே திறந்து வைப்போருக்கு மட்டும் மேலதிகக் கோர்கள் ஓரளவு கைகொடுக்கும்.

ஆனால் கலியாண வீட்டு ஒளிப்பதிவைத் தொகுத்துக் கொடுக்கும் படப்பிடிப்பு நிலையத்தின் நிலை வேறு. அங்கே நீண்ட ஒளிப்படத்தை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றும் வேலை மணிக்கணக்கில் நடைபெறும். அதனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கோர்களுக்குப் பங்கிடலாம். பழைய நூல்களைப் பாதுகாக்கும் பணியும் இத்தகையதே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த மண் இது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பேணி வருகிறது. படமெடுத்த பக்கத்தை நேராக்கி, கறை நீக்கி, அளவு சுருக்கும் வேலையில் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்துக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. இதுவே தூய நடுகை வேலை.

ஓர் எடுத்துக்காட்டு: 400 பக்கங்களைக் கொண்ட நூலொன்று. ஒரு பக்கத்தைச் சீர்செய்ய ஈ 8400 இன் ஒரு கோருக்கு 4 விநாடி செல்வதாகக் கொண்டால், கியூ 6600 இன் ஒரு கோருக்கு 5 விநாடி செல்லும். ஒரேயொரு பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு முன்னதே விரைவாகத் தோன்றும். நூல் முழுவதையும் முடிக்க எடுக்கும் நேரமோ மாறிவிடுகிறது. இரண்டு கோர்கள் பகிர்ந்து செய்தால் 800 விநாடி, அதாவது 13 நிமிடமும் 20 விநாடியும். நான்கு கோர்கள் பகிர்ந்து செய்தால் 500 விநாடி, அதாவது 8 நிமிடமும் 20 விநாடியும். நாள்தோறும் பத்து நூல்கள் செய்வோருக்கு இந்த ஐந்து நிமிட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமாகத் திரண்டுவிடும்.

இங்கு ஒரு தடையையும் குறிப்பிடல் வேண்டும். வேலையாட்கள் எத்துணை வல்லவராயினும் நாற்றுக் கைக்கு வந்து சேராவிடில் நடுகை நடவாது. கணினியில் நாற்றுச் சுமந்து வருவது நினைவகம். இவ்விரு செயலிகளும் தாய்ப்பலகையிலுள்ள பொதுவான ஒரு பாதை வழியாகவே நினைவகத்தை அணுகுகின்றன. அந்தப் பாதையின் வேகம் ஈ 8400 இல் 1333. கியூ 6600 இல் 1066. அதாவது நால்வர் இருக்கும் இடத்துக்குச் செல்லும் வாய்க்கால் ஒடுங்கியது. இருவர் இருக்கும் இடத்துக்குச் செல்லும் வாய்க்கால் அகன்றது. அன்றியும், கியூ 6600 உண்மையில் ஒரே சில்லன்று. இரண்டு கோர் கொண்ட சில்லுகள் இரண்டை ஒரே உறைக்குள் வைத்து ஆக்கியது. ஒரு சில்லு மற்றதோடு பேசவேண்டுமாயினும் அதே பொதுப்பாதையில்தான் செல்லவேண்டும். அதில் 8 மெகாபைற்று பதுக்கு நினைவகம் உண்டு. ஆயினும் அது நான்கு நான்காகப் பிரிந்து கிடக்கிறது. ஈ 8400 இன் 6 மெகாபைற்றையோ இரண்டு கோர்களும் ஒருமித்து ஆளுகின்றன. பதுக்கு நினைவகம் என்பது அடிக்கடி வேண்டிய பொருளை அடுக்களைத் தட்டிலே வைத்திருப்பது போன்றது. ஒவ்வொரு முறையும் களஞ்சியத்துக்கு ஓடவேண்டியதில்லை.

இதுவரை கூறியது வேகம் பற்றியது. பெறுமதி என்பது வேகத்தோடு முடிவதன்று. வாங்கும் விலை ஒருமுறை கொடுப்பது. மின்சாரத்தின் விலை மாதந்தோறும் கொடுப்பது.

மின்சாரத்தின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எரிபொருளும் மின்கலமும் கிடைத்தற்கரியனவாய் இருந்த அந்நாட்களில், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் பலர். கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகத்துக்கு வந்த உயர் அழுத்த வழியால் குடாநாடு மீண்டும் தேசிய மின்வலையோடு இணைந்தது 2013ஆம் ஆண்டிலாகும். அந்த மிதிவண்டி டைனமோவின் வலு வழக்கமாக 3 வாற்று. ஈ 8400 வெளியிடும் வெப்பத்துக்கு ஆக்கியோர் குறித்த எல்லை 65 வாற்று. கியூ 6600 இன் முதற் பதிப்புக்கு அது 105 வாற்று. பின்னர் வந்த திருத்திய பதிப்புக்கு 95 வாற்று. ஒரு கணினியின் ஒரு சில்லுக்கு மட்டும் ஏறத்தாழ 22 டைனமோக்கள் ஒரு பக்கம். 32 முதல் 35 வரை டைனமோக்கள் மறுபக்கம்.

இந்த வேறுபாட்டின் காரணம் கோர்களின் தொகை மட்டுமன்று. கியூ 6600 இன் திரான்சிஸ்டர்கள் 65 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டவை. இரண்டு சில்லுகளிலுமாக அவை 58 கோடியே 20 இலட்சம். ஈ 8400 இன் திரான்சிஸ்டர்கள் 45 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டவை. அவை 41 கோடி. பிந்திய முறையில் ஹஃப்னியம் என்னும் மூலகத்தைப் பயன்படுத்தி, வேலை செய்யாத வேளையிலும் கசிந்தோடும் மின்னைக் குறைத்தனர். கட்டில்லாத கிணற்றடியில் வழிந்தோடும் நீரைத் தடுத்தது போன்ற சீர்திருத்தம் அது.

நாள்தோறும் 5 மணித்தியாலம், மாதம் 150 மணித்தியாலம் முழு வேலையில் ஓடுவதாகக் கொண்டால், ஈ 8400 கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 9.75 அலகு. கியூ 6600 கொள்வது பதிப்புக்கேற்ப 14.25 அலகு முதல் 15.75 அலகு வரை. வேறுபாடு நான்கரை முதல் ஆறு அலகு. நான்கரை அலகில் 9 வாற்று மின்குமிழ் ஒன்று 500 மணித்தியாலம் எரியும். ஒரு மாணவன் மாதம் முழுவதும் இரவில் படிப்பதற்கு வேண்டிய ஒளியைவிட அது அதிகம். செயலி முழு நேரமும் முழு வலுவில் ஓடுவதில்லையாதலால் உண்மையான வேறுபாடு இதனிலும் குறைவாகவே இருக்கும். எனினும் பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் கட்டண முறையில் சிறு வேறுபாடும் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆனால் நீதியோடு நோக்கின் நான்கு கோருக்கும் ஒரு வழக்குண்டு. முன்னர் கூறிய 400 பக்க நூலை மீண்டும் எடுத்துக்கொண்டால், ஈ 8400 65 வாற்று வீதம் 800 விநாடி உழைக்கிறது. கியூ 6600 இன் திருத்திய பதிப்பு 95 வாற்று வீதம் 500 விநாடி உழைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் முன்னதன் செலவு 14.4 வாற்று மணித்தியாலம். பின்னதன் செலவு 13.2 வாற்று மணித்தியாலம். கூடுதலாக உண்பவர் விரைவில் வேலையை முடித்து வீடு சென்றதால், மொத்தச் செலவு குறைந்துவிட்டது! கணினித் திரையும் ஏனைய பகுதிகளும் அந்த 300 விநாடி முன்னதாகவே ஓய்வெடுப்பது மேலும் ஓர் ஆதாயம். ஆகவே பகிரக்கூடிய வேலை உடையவருக்கு நான்கு கோர் சிக்கனமானது. அது இல்லாதவருக்கு வீண் செலவு.

விலையின் வரலாறும் இதே பாடத்தைப் போதிக்கிறது. கியூ 6600 வெளிவந்தபோது மொத்த வணிகருக்கு அதன் விலை 851 அமெரிக்க டொலர். அதே ஆண்டு ஜூலையில் அது 266 டொலராக வீழ்ந்தது. ஆறு மாதப் பொறுமைக்கு 585 டொலர் கூலி கிடைத்தது எனலாம். ஈ 8400 வெளிவந்தபோது விலை 183 டொலர். இனி 100 டொலருக்குக் கிடைக்கும் வலுவைக் கணக்கிட்டால், எல்லாக் கோர்களையும் கூட்டி நோக்கும்போது கியூ 6600 தருவது 3.6 கிகாஹேர்ட்ஸ், ஈ 8400 தருவது 3.3 கிகாஹேர்ட்ஸ். நான்கு கோர் சற்றே மலிவு. ஒரு கோரின் வேகத்தை மட்டும் நோக்கினால் கியூ 6600 தருவது 0.9, ஈ 8400 தருவது 1.6. இரண்டு கோர் மிகவும் மலிவு. “எது மலிவு?” என்ற வினாவுக்கும் “எந்த வேலைக்கு?” என்ற எதிர்வினாவே விடையாகிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இக்கணக்கை இன்னும் கூர்மையாக்கியது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது; மே மாதத்தில் அது 350 ரூபாவைத் தாண்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் நேர்ந்தது. இறக்குமதிப் பொருளாகிய புதுக் கணினி எட்டாக் கனியாகிய வீடுகளில், பழைய பெட்டியை எவ்வளவு காலம் உழைக்கச் செய்யலாம் என்பது பிள்ளையின் படிப்போடு பிணைந்த வினாவாயிற்று.

அவ்வாறு பழைய பெட்டியை நாடுவோர் செயலியின் பெயரைக் கேட்பதோடு அமையலாகாது. இவ்விரு செயலிகளும் 775 தொடுமுனைகள் கொண்ட ஒரே வகைக் குழியில் பொருந்துவன. ஆயினும் குழியில் பொருந்தும் எல்லாம் இயங்கும் என்பதில்லை. பழைய தாய்ப்பலகைகளுள் நான்கு கோர் செயலியை ஏற்காதனவும், 45 நனோமீற்றர் செயலியை ஏற்காதனவும் உண்டு. பலகையின் பெயரை அறிந்து, அதை ஆக்கியோர் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டபின் காசைக் கொடுப்பதே முறை. அடுத்தது வெப்பம். சித்திரை வைகாசி வெயிலில் செம்மண் புழுதி படிந்த விசிறியோடு 95 வாற்றுச் செயலி நெடுநேரம் உழைத்தால் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகக் குளிரூட்டிக்கும் இடையில் பூசிய வெப்பக் களிம்பு பல ஆண்டுகளில் காய்ந்து விடுவதுண்டு. அதனைத் துடைத்துப் புதிதாகப் பூசுவதற்குச் செலவு சொற்பம்; பயன் பெரிது.

இன்னொரு உண்மையும் உண்டு. பழைய கணினி மந்தமாக இருப்பதற்குச் செயலி மட்டுமே காரணம் என்று எண்ணுவது தவறு. சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டை நீக்கி, அசையும் பகுதி இல்லாத திண்மநிலைத் தட்டை இட்டால், கணினி தொடங்கும் நேரமும் கோப்புத் திறக்கும் நேரமும் பெரிதும் குறையும். நினைவகம் 2 கிகாபைற்றாக இருப்பின் அதை 4 ஆக்குவதும் அவ்வாறே. ஈ 8400 உள்ள பெட்டியை வைத்திருப்பவர், நான்கு கோர் செயலிக்கு மாற்றுவதற்காகச் சேர்த்த காசை இவ்விரண்டிலும் இட்டால், மாணவனின் வேலைக்கு அதனிலும் கூடிய பயன் காண்பார். வேலையாளை மாற்றுவதன் முன் வாய்க்காலைத் துப்புரவாக்குவது அறிவுடைய கமக்காரரின் செயலன்றோ?

இச்செயலிகளின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. ஈ 8400 இல் முன்னையதில் இல்லாத 47 புதிய கட்டளைகள் சேர்க்கப்பட்டன. ஆனால் பிற்காலத்துக்கு அவையும் போதாவாயின. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, இவ்விரு செயலிகளிலும் இல்லாத கட்டளைகளை எதிர்பார்ப்பதால் இவற்றில் தொடங்குவதே இல்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது கதவில்லாத வீட்டில் உறங்குவதை ஒக்கும். எனவே இப்பெட்டிகளை வைத்திருப்போர், இலவசமாகக் கிடைப்பதும் பழைய செயலிகளை இன்றும் ஏற்பதுமாகிய லினக்ஸ் இயங்குதளங்களை நாடுவது நன்று. தமிழில் எழுதவும், விரிதாள் அமைக்கவும், நிரல் பயிலவும் அதில் வசதி உண்டு.

கையில் பெட்டியே இல்லாது புதிதாகக் காசு கொடுப்பவருக்கோ மூன்றாவது வழியொன்று உண்டு. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த கோர் ஐ3 2100 என்னும் செயலி 3.1 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள இரண்டு கோர்களை உடையது. ஒவ்வொரு கோரும் இரண்டு வேலைத் தொடர்களை ஒருங்கே கவனிக்கும். நினைவகத்தை ஆளும் பகுதியும் படம் காட்டும் பகுதியும் செயலிக்குள்ளேயே அமைந்ததால், முன் கூறிய ஒடுங்கிய பொதுப்பாதை அங்கே இல்லை. அதன் வெப்ப எல்லை 65 வாற்று. வெளிவந்தபோது விலை 117 டொலர். ஒரு கோரின் வேகத்தில் அது ஈ 8400 ஐ வென்றது; பகிர்ந்த வேலையிலும் கியூ 6600 க்கு ஏறத்தாழ ஈடுகொடுத்தது. மூன்றாண்டு முன்னேற்றம், இருவரா நால்வரா என்ற பழைய வழக்கைப் பெரிதும் தீர்த்து வைத்தது. ஆனால் அதற்கு வேறு தாய்ப்பலகை வேண்டும். ஆதலால் பழைய பலகை வைத்திருப்பவருக்கு மட்டுமே முன்னைய இரண்டும் பொருட்படுத்தத்தக்கன.

தொகுத்துக் கூறுமிடத்து, எழுத்து வேலைக்கும் மாணவர் படிப்புக்கும் ஈ 8400 பொருத்தமானது. மின்செலவு குறைவு, வெப்பம் குறைவு, விரைவும் உண்டு. ஒளிப்படத் தொகுப்புக்கும், நூற்பக்கங்களைத் திரளாகச் சீர்செய்வதற்கும், பல பணிகளை ஒருங்கே ஓடவிடுவதற்கும் கியூ 6600 பொருத்தமானது. அதுவும் 95 வாற்றுத் திருத்திய பதிப்பாயின் மேலும் நன்று. ஒன்றை வைத்திருப்பவர் மற்றதற்காக ஏங்கவேண்டியதில்லை.

பெட்டியின் மேல் ஒட்டிய எண் கடைக்காரருக்குத் தெரியும். வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்பது வாங்குபவருக்கே தெரியும். அந்த வேலையை ஒரு தாளில் எழுதி, அதில் துலா வேலை எவ்வளவு, நடுகை வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபின் கடைக்குச் செல்பவர், சிறிய தொகையிலும் பிள்ளைக்கு நல்ல கருவியொன்றைத் தேடிக் கொடுப்பார்.